டெம்மி அளவில் ஒரு கண்ணாடிப் பலகை

தமிழ்ப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் 'நூல் விவரம்' என்றொரு சிறு பட்டியல் முன்பெல்லாம் தவறாமல் இருக்கும். தாள் எத்தகையது, எழுத்து எத்தனை புள்ளி, நூலின் அளவு கிரவுனா டெம்மியா என்பன போன்ற செய்திகள் அதில் வரும். அச்சகத்தாரையும் நூலகப் பட்டியல் எழுதுவோரையும் தவிர வேறெவரும் அதைப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால், படிப்பதற்கென்று குறைந்த விலையில் ஒரு கைக்கணினி வாங்க நினைக்கும் தமிழ் வாசகர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான் என்பது என் கட்சி. செயலியின் வேகம், கேமராவின் நுட்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. டெம்மி 1/8 என்பது ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்ட பக்கம். அதன் மூலைக்கு மூலை அளந்தால் பத்து அங்குலத்தைச் சற்றே தாண்டும். கடைக்காரர்கள் 'பத்து இன்ச் டேப்' என்று விற்கும் பலகையின் திரை 13.6 செ.மீ. அகலமும் 21.8 செ.மீ. உயரமும் இருக்கும். அதாவது ஒரு டெம்மிப் பக்கத்தைக் கண்ணாடியில் பதித்தாற்போல. கிரவுன் 1/8 நூல் 12-க்கு 18 செ.மீ.; மூலைக்கு மூலை எட்டரை அங்குலம். எட்டேமுக்கால் அங்குலம் என்று விற்கப்படும் சிறிய பலகைகள் ஏறக்குறைய அந்த அளவினவே. இவற்றை வடிவமைத்தவர்கள் தமிழ்நாட்டு அச்சகங்களை மனத்தில் கொண்டிருக்க வாய்ப்பில்லை. மனிதக் கை எதை வசதியாகப் பிடிக்கும், கண் எத்தனை நீள வரியைத் தடுமாறாமல் தொடரும் என்பவை இரு தரப்பாரையும் ஒரே இடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பலகைக்கணினி, கைக்கணினி, வரைபட்டிகை என்று பலவாறு எழுதுகிறோம். தாம்பரத்தில் எவரும் 'டேப்' என்றே சொல்கிறார்கள். என் மாணவர்கள் சிலர் கேலியாக 'மாத்திரை' என்பார்கள். இலக்கணம் பயின்றவனுக்கு அந்தக் கேலி சற்றுக் கூடுதலாகவே சுவைக்கும். கண்ணிமைப் பொழுதை அளக்கும் சொல், கண்ணை இமைக்கவிடாமல் பிடித்துவைக்கும் கருவிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதே! நான் கைக்கணினி என்றே எழுதுகிறேன். வேறு சொல் பிடித்தவர்கள் அதையே வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து என்றொரு துணைவர் வந்து சேர்கிறார். கையை நீட்டி நீட்டிப் படித்து, இனி நீட்டக் கை போதாது என்னும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற ஒரே ஆசையில் கைக்கணினியைத் தேடும் ஆசிரியர்கள் என் துறையிலேயே சிலர் உண்டு. நான் இதில் இவ்வளவு கணக்குப் போட்டதற்குக் காரணம் என் கண் அன்று. ஒரு மாணவியின் ஆய்வேடு.

முதுகலை இரண்டாமாண்டு மாணவி. கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் மின்தொடர் வண்டியில் வருபவள். தந்தை இல்லை. தாய் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில், நம்மூர்க்காரர்கள் 'மெப்ஸ்' என்று சொல்லும் வளாகத்தில், ஓர் ஆடை நிறுவனத்தில் தையல் வேலை செய்கிறார். பள்ளியில் படிக்கும் தம்பி ஒருவன். 2024ஆம் ஆண்டு நவம்பரில் இந்தப் பெண் தன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கொண்டுவந்து கொடுத்தாள். சங்கப் பாடல்களில் வரும் குதிரைகளைப் பற்றிய ஆய்வு. அதில் 'துணைபரி' என்ற தொடரை எடுத்துக்கொண்டு, பிரிந்து செல்லும் தலைவனுக்குக் குதிரை எவ்வாறு துணையாகிறது என்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அழகான ஒன்றரைப் பக்கம். அதுதான் வருத்தம். பாடலில் இருப்பது துனைபரி; இரண்டு சுழி னகரம். துனை என்றால் விரைவு. விரைந்தோடும் குதிரை அது. யாருக்கும் துணை என்று அந்தச் சொல்லில் இல்லை.

"பதிப்பைப் பார்த்துத்தானே எழுதினாய் அம்மா?" என்று கேட்டேன். "பார்த்துதான் ஐயா எழுதினேன்" என்று கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். பழைய உரைப் பதிப்பு ஒன்றின் படக்கோப்பு. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு நெடுநாள் முந்திய அச்சு. ஆதலால் ணை, னை இரண்டுமே தும்பிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருந்தன. அந்தக் கொம்பு எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, அடியில் இரண்டு சுழியா மூன்று சுழியா என்பது அவளுடைய திரையில் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. என் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தேன். அந்தத் திரையை வைத்துக்கொண்டு அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைப்பேசியில் என்ன நடக்கிறது என்பதை அன்று இரவு அளவுகோலை வைத்துக் கணக்கிட்டேன். ஆறரை அங்குலக் கைப்பேசியின் திரை 6.8 செ.மீ. அகலம். டெம்மிப் பக்கம் 14 செ.மீ. அகலம். முழுப் பக்கத்தைக் காட்டினால் பாதிக்கும் கீழே சுருங்குகிறது. பத்துப் புள்ளி எழுத்து ஐந்து புள்ளிக்கும் குறைந்துவிடுகிறது. பரப்பில் பார்த்தால் கால்வாசியும் இல்லை. கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் எழுத்து பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் கண்ணுக்குப் படும். பாட்டு மேலே இருக்க, பதவுரை நடுவில் இருக்க, விசேடக் குறிப்பு அடியில் சிறிய எழுத்தில் இருக்க, இவற்றுக்கிடையே விரலால் தள்ளித் தள்ளி ஏறி இறங்க வேண்டும். உரைநூல் என்பது ஒரே பார்வையில் மூன்றையும் காண்பதற்காக அமைக்கப்பட்ட பக்கம். அதைத் துண்டு துண்டாகப் படிப்பது கோயில் கோபுரத்தைச் சாவித்துளை வழியே பார்ப்பது போன்றது. அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பிலேயே 'துனை - விரைவு' என்று உரையாசிரியர் எழுதியிருந்தார். அவள் அவ்வளவு தூரம் தள்ளிப் போகவில்லை. போயிருந்தாலும் அந்த எழுத்தை அவளால் படித்திருக்க இயலாது.

தமிழ்நாட்டில் முதுகலைத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் படிக்கிறார்கள் என்பது வகுப்பறையில் நிற்பவர்களுக்குத் தெரியும். நூலகத்தில் ஒரே படி இருக்கும் பதிப்பை இருபது பேர் கேட்பார்கள். படக்கோப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. இது பெரிய பேறு, மறுக்கவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, இன்று தரமணியில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்த மறைமலையடிகள் திரட்டிவைத்த ஆயிரக்கணக்கான நூல்கள் 1958இல் அவர் பெயராலேயே சென்னையில் ஒரு நூலகமாயின. அவற்றை நாடிச் செல்ல அந்நாளில் இரயிலேற வேண்டும், முழுநாள் வேண்டும், அறிமுகக் கடிதமும் வேண்டியிருந்திருக்கும். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம் பதிப்புகள் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் இருக்கிறது. புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை விரித்து வைக்கத்தான் இடமில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட வேண்டும். கைக்கணினி வாங்குவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. மின்னூல் என்று நாம் பொதுப்படச் சொல்வது இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒன்று, எழுத்தாக உள்ளிட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு முன்னோடி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் தட்டச்சிட்டார்கள். திஸ்கி முதலான பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு அந்நூல்கள் மாறிவந்த கதை தனியே எழுதத்தக்கது. இத்தகைய நூலில் எழுத்தை நம் விருப்பம்போலப் பெரிதாக்கலாம். வரி தானே மடிந்து அடுத்த வரிக்குப் போகும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தபின் இக்கால நாவல்களும் கட்டுரைகளும் இந்த வடிவில் ஏராளமாகக் கிடைக்கின்றன. மற்றொன்று, பக்கத்தின் படம். அதில் எழுத்து என்று எதுவுமில்லை, எழுத்தின் நிழல்தான். பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகித் திரைக்கு வெளியே வழிந்தோடும்.

முதல்வகை நூல்களை மட்டுமே படிப்பவருக்கு எந்தத் திரையும் போதும். மின்மைத் திரை கொண்ட கிண்டில் இருந்தால் இன்னும் நன்று; கண் கூசாது, எடையும் கையில் தெரியாது. ஆனால் அதன் ஆறு அங்குலத் திரை 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும்தான். படப் பக்கத்தை அதில் விரித்தால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். விலையும் குறைவன்று. 2025 ஏப்ரலில் ஏழு அங்குலப் பேப்பர்வைட் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 16,999 ரூபாய். இலக்கிய இதழ்களைப் படிக்கும் நண்பர்களில் புனைகதையே முதன்மை என்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். பழந்தமிழ், உரைகள், சென்ற நூற்றாண்டின் சிற்றிதழ்த் தொகுதிகள், அகராதிகள் என்று போகிறவர்களுக்கு முதலாவது வகை நூல்கள் கடலில் ஒரு கை. மீதியெல்லாம் படம்தான். தட்டச்சிட்ட நூலை அடுத்தவர் கண்ணை நம்பிப் படிக்கிறோம்; துனையா துணையா என்ற ஐயம் வரும்போது படத்திற்குத்தான் திரும்பிவர வேண்டியிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். "ஐயா, பன்னிரண்டாயிரத்துக்குள்ள ஒரு டேப் சொல்லுங்க. அம்மா சீட்டு எடுத்திருக்காங்க." என்னிடம் ஒரு பெயரை எதிர்பார்த்து நின்றாள். பன்னிரண்டாயிரம் என்பது அவள் தாயின் ஒரு மாத ஊதியத்திற்கு மிக அருகில் இருக்கும் தொகை. அதை அறிந்த பிறகு போகிறபோக்கில் ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். செடி, கோழிக்குஞ்சு, உடைந்த நாற்காலி, பழைய கணினித் திரை என்று எதையும் விற்கும் அந்தச் சந்தையை அறியாதவர்கள் சென்னைத் தெற்கில் குறைவு. தார்ப்பாயின்மேல் கைக்கணினிகள் மீன்போலப் பரப்பப்பட்டிருந்தன. இரண்டாயிரம், மூவாயிரம் என்றார்கள். பாதிக்குமேல் பேட்டரி உப்பியவை. மீதியில் இருந்த ஆண்டிராய்டு, இன்றைய செயலிகள் வாசலிலேயே நின்று திரும்பிப் போகும் அளவுக்குப் பழையது. நல்ல பொருளும் அங்கே கிடைக்கலாம். கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அது சந்தை; தெரியாதவருக்குச் சூதாட்டம். அடுத்தவர் சீட்டுப் பணத்தைக் கொண்டு நான் ஆடக்கூடிய ஆட்டமன்று.

அந்தக் குவியலில் கிடந்த ஏழு அங்குலப் பலகைகளைப் பார்த்தபோது ஆகாஷ் நினைவுக்கு வந்தது. பலர் மறந்திருப்பார்கள். 2011 அக்டோபர் 5ஆம் நாள் தில்லியில் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். உலகிலேயே மலிவான கைக்கணினி என்று உலகச் செய்தித்தாள்களெல்லாம் எழுதின. அரசு அதை வாங்கிய விலை 2,276 ரூபாய். மாணவருக்குப் பாதி விலைக்குத் தருவதாகத் திட்டம். நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நூல் வாங்க முடியாத பிள்ளையின் கையில் நூலகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் பழிக்கத்தக்கதன்று. ஆனால் கருவி? அழுத்தித் தொட்டால்தான் கேட்கும் திரை, 256 எம்.பி. நினைவகம், நீளவாக்கில் பிடித்தால் அகலத்தில் 480 புள்ளிகள். இந்தக் கடைசி எண்ணைத்தான் தமிழ் மாணவரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஒரு டெம்மிப் பக்கத்தை 480 புள்ளிகளுக்குள் அடைத்தால் ஒரு பத்துப் புள்ளி எழுத்துக்கு உயரத்தில் பன்னிரண்டு புள்ளிகள் கிடைக்கும். அதற்குள் கொம்பும் சுழியும் அடங்கி, மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு புள்ளி. அது தெரிந்தாலும் தெரியும், மறைந்தாலும் மறையும். பழைய அச்சில் ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். புள்ளி போனால் 'அரசர்' 'அரசா' ஆகிவிடுகிறார்.

இதற்கும் மேல் இன்னொன்று. ஆகாஷில் இருந்த ஆண்டிராய்டு 2.2இல் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஒருங்குறித் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்நாளில் ஓபரா மினி உலாவியின் அமைப்பில் ஏதோ ஒரு வரியை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்த நண்பர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2இல் தொடுதிரையும் ஆண்டிராய்டும் மேம்பட்டிருந்தன. அதற்குள் மாணவர் உலகம் கைப்பேசியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. மலிவு என்பதற்கு விலையை மட்டும் பொருளாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு ஆகாஷை விடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை. படிக்க இயலாத பலகை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தாலும் அதன் விலை அதிகம்தான்.

சந்தையை விட்டுக் குரோம்பேட்டைப் பக்கம் புதியவை விற்கும் பெரிய கடை ஒன்றுக்கு அவளோடும் அவள் தாயோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். போகுமுன் ஒரு நினைவக அட்டையில் மூன்று கோப்புகளை இட்டு வைத்திருந்தேன்: அந்தக் குதிரைப் பாடல் இருந்த உரைப் பதிப்பு, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒரு தொகுதி, எழுத்தாக உள்ளிட்ட ஒரு நாவல். கடையில் காட்டுவதற்கென்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருக்கும். வண்ண மீன்கள் நீந்தும். பனிமலையில் சூரியன் எழும். எந்தப் பலகையிலும் அது அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைக் காட்டும் கடையை இன்னும் நான் காணவில்லை.

"சார், கேமே சூப்பரா போகும், பி.டி.எஃப். போகாதா?" என்றார் விற்பனையாளர் இளைஞர். அட்டையைச் செருகிப் பார்க்க வேண்டும் என்றதும் முகம் மாறியது. காட்சிப்பொருளில் வெளி அட்டை போடக்கூடாது என்றார். மேலாளரைக் கேட்க வேண்டும் என்றார். மேலாளர் உணவுக்குப் போயிருந்தார். முக்கால் மணிநேரம் நின்றோம். அந்த அம்மையார் ஒரு சொல்லும் பேசாமல், பலகைகளின் முன்னிருந்த விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேலாளர் வந்து, வாத்தியார் கேட்கிறார் என்பதற்காக இசைந்தார். வாங்கப்போகும் பொருளில் நாம் படிக்கப்போகும் பக்கத்தைத் திறந்து பார்ப்பது இத்தனை அரிய சலுகையாக இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை. இணையத்தில் வாங்குவோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர்கள் அளவுகளைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு பலகைகள் அவள் தொகைக்கு அருகில் வந்தன. ஒன்று, சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9. 8.7 அங்குலம், 332 கிராம், திரையில் 1340-க்கு 800 புள்ளிகள். கையில் எடுத்தால் பழைய மலிவுப் பதிப்பு நாவல்போல அவ்வளவு இயல்பாக இருந்தது. மற்றது ரெட்மி பேட் எஸ்.இ.; 11 அங்குலம், 478 கிராம், 1920-க்கு 1200 புள்ளிகள். 2024 ஏப்ரலில் அது அறிமுகமான விலை 12,999. செயலி முதலியவற்றில் இரண்டும் எங்களுக்குப் போதுமானவையே. நான்கு ஜி.பி. நினைவகத்திற்குக் கீழே போகவேண்டாம் என்பதும், நினைவக அட்டைக்கு இடம் இருக்க வேண்டும் என்பதும் மட்டுமே நான் வைத்திருந்த நிபந்தனைகள். படக்கோப்பு ஒவ்வொன்றும் நூறு எம்.பி.யை எளிதில் தொடும். நினைவகம் குறைந்தால் பக்கம் திருப்பும்போது வெற்றுத்தாளைக் காட்டி நிற்கும். அட்டைக்கு இடமில்லையேல் ஆறே மாதத்தில் எந்த நூலை அழிப்பது என்ற கவலை வரும்.

சிறிய பலகையில் உரைப் பதிப்பைத் திறந்தோம். ஓரங்களை வெட்டிக் காட்டும்படி செய்தபின் பாடல் நன்றாகவே தெரிந்தது. அடிக்குறிப்பைப் படிக்க மட்டும் கண்ணை இடுக்க வேண்டியிருந்தது. லெக்சிகன் தோற்றது. பெரிய பலகையில் திறந்தபோது பக்கம் முழுவதும், ஓரங்களோடும், அச்சிட்ட அளவிலேயே வந்து நின்றது. 14.8 செ.மீ. அகலத் திரையில் 14 செ.மீ. பக்கம்! நான் அளவுகளைச் சொல்லி விளக்கத் தொடங்குமுன் அவள் குனிந்து, விரலால் ஒரு சொல்லின் அடியைத் தொட்டு, "ரெண்டு சுழிதான் ஐயா" என்றாள்.

எடையைப் பற்றி அவளை எச்சரித்தேன். அரைக்கிலோப் பலகையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேற்பிடியைப் பற்றிக் காலை நேர மின்வண்டியில் படிக்க முடியாது. நெடுங்காலமாக மின்சார வண்டி ஓடும் பாதை இது. இந்த வண்டியில் படித்தே பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையில் இருந்தது கிரவுன் அளவுப் புத்தகம். வண்டியில் படிப்பதே உன் படிப்பு என்றால் சிறியதை வாங்கு என்றேன். "வண்டியில நிக்கத்தான் ஐயா எடம் இருக்கும்" என்றாள். வீட்டில் தரையில் உட்கார்ந்து, தலையணைமேல் சாய்த்து வைத்துத்தான் படிக்கப்போகிறாள். அப்படியானால் பெரியது. குறைந்த தொகையை அவள், மாலையில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பணம் கட்டும் இடத்தில்தான் அந்த அம்மையார் முதன்முதலாக என்னிடம் பேசினார். "ஏங்க ஐயா, இதுல நாடகம் தெரியுமாங்க?" தெரியும் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இப்போது எழுதும்போதும் காண்கிறேன். இலக்கியவாதிகளான நாம் இந்தக் கேள்வியைக் கேட்டு உதட்டைச் சுழிப்பது வழக்கம். படிக்க வாங்கிய கருவி பொழுதுபோக்குக்குப் போய்விடுகிறது என்று நானும் வகுப்பில் பேசியிருப்பவன்தான். ஆனால் ஒரு மாத ஊதியத்தை விழுங்கும் பொருள், ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. தம்பிக்குக் கணக்குப் பாடம், தாய்க்கு நாடகம், ஊரிலிருக்கும் பாட்டியோடு முகம் பார்த்துப் பேச்சு, பிறகு மகளுக்கு உரைநூல். நாலு பேருக்கும் பயன்படும் என்பதாலேயே அது அந்த வீட்டுக்கு 'வாங்கத்தக்க விலை' ஆகிறது. படிப்புக்கு மட்டுமே உதவும் கிண்டில் எவ்வளவு சிறந்ததாயினும், அந்தக் கூரைக்குக் கீழே அது ஆடம்பரம். கைக்கணினிகளை மதிப்பிட்டு எழுதுவோர் 'சாதாரணப் பயன்பாடு' என்று ஒரு வரியில் கடந்துபோகும் இடத்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவள் வாங்கி மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச்சில், கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. அன்று அவளிடம் சொன்னேன், சிரித்தாள். ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள் எதற்காகக் காத்திருப்பாள்? அத்தகைய திட்டங்களுக்குத் திரை அளவை முடிவுசெய்யும் குழுக்களில் பொறியாளர்களோடு ஒரு தமிழாசிரியரையும் உட்கார வைத்தால் நன்று என்று மட்டும் எண்ணிக்கொண்டேன். பதினான்கு செண்டிமீட்டர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

மூன்றாம் இயலை அவள் திருப்பி எழுதினாள். ஒன்றரைப் பக்கம் போய் நான்கு பக்கமாயிற்று. விரைவைக் குறிக்கும் சொற்களை லெக்சிகனில் ஒவ்வொன்றாகத் தேடி, எந்தக் குதிரைக்கு எந்தச் சொல் என்று அட்டவணை போட்டிருந்தாள். வீட்டில் நேரப் பங்கீடு செய்திருப்பதாகவும் சொன்னாள். ஏழு முதல் ஒன்பது வரை அம்மா. ஒன்பதிலிருந்து பத்து தம்பி. அதன்பிறகு சங்க இலக்கியம். பன்னிரண்டு மணிக்கு மேல் மின்னேற்றம். பலகைக்கு உறைவாங்கக் காசு இல்லாமல், ஏற்றுமதியில் கழித்துவிட்ட கெட்டித் துணியில் அம்மாவே ஓர் உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே கண்ணாடிப் பக்கம் வரும் இடத்தில் மட்டும் மெல்லிய ஃபிளானல்.